சனிக்கிழமை ராத்திரி, ஒன்பது பேர், ஒரே சுவர்

கேள்வி:

அய்யாவுக்கு வணக்கமுங்க. நாங்க சென்னிமலைப் பக்கம். வீட்டுக்காரர் சொந்தமாகத் தறி வைத்திருக்கிறார். போன தீபாவளிக்கு என் சீட்டுப் பணத்தில் ஒரு ப்ரொஜெக்டர் வாங்கினேன். சனிக்கிழமை ராத்திரி சாப்பாடு முடிந்ததும் ஆசாரத்து (வீட்டு முன்கூடத்து) சுவரில் படம் போடுவேன். மாமியார், வீட்டுக்காரர், பதினொன்றாவது படிக்கிற பையன், அஞ்சாவது படிக்கிற பொண்ணு, பக்கத்து வீட்டிலேயே இருக்கிற மச்சாண்டார், அவர் வீட்டு அக்கா, எதிர் வீட்டு மாமா, அத்தை, என்னோடு சேர்த்து ஒன்பது பேர். ஆரம்பத்தில் நோம்பி மாதிரி இருந்தது. இப்போது வாராவாரம் சண்டை. மாமியாருக்குச் சாமி படம் வேண்டும், வீட்டுக்காரருக்குப் பறந்து பறந்து அடிக்கிற குப்பை வேண்டும், பையனுக்குப் பேய்ப் படம். எதிர் வீட்டு மாமா எந்தப் படம் போட்டாலும் அதற்கு மேல் பேசிக்கொண்டே இருப்பார்.

போன மாதம் எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு ஈரான் படம் போட்டேன். முக்கால் மணி நேரத்தில் பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். நான் படத்தைப் பார்க்காமல் ஒவ்வொருவர் முகத்தையும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மச்சாண்டார் எழுந்து, என் காதில் விழுகிற மாதிரி அவர் தம்பியிடம், "ஏன்டா, இது படமா, பயிர் இன்சூரன்ஸ் வெளம்பரமா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். அதிலிருந்து எங்கள் வீட்டில் என் படத்துக்கெல்லாம் 'வெளம்பரம்' என்றே பேர். அக்கா மட்டும் மறுநாள் தண்ணி பிடிக்கிறபோது, அந்தப் பையன் கடைசியில் வீடு போய்ச் சேர்ந்தானா என்று கேட்டார். படம் போடுவதையே நிறுத்திவிடட்டுமா? இல்லை, அவர்கள் கேட்பதைப் போட்டுவிட்டு நான் சமையல்கட்டிலேயே இருந்துகொள்ளட்டுமா? நல்ல ஸ்கிரீன் ஒன்று வாங்கினால் மாறுமா?

பதில்:

அம்மணி, நிறுத்தவும் வேண்டாம், சமையல்கட்டுக்கும் போக வேண்டாமுங்க. ஸ்கிரீன் சங்கதியைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் டூரிங் டாக்கீஸில் ஆபரேட்டருக்கு எடுபிடியாகச் சேர்ந்தவன். அப்புறம் தியேட்டரில் ஆபரேட்டர். ஃபிலிம் பெட்டி வருவது நின்று டிஜிட்டல் வந்ததும் படம் ஓட்டுகிற பெட்டியறைக்கு ஆள் தேவைப்படவில்லை, வீடுகளுக்கு ப்ரொஜெக்டர் மாட்டிக் கொடுக்கிற வேலைக்கு வந்துவிட்டேன். மாட்டி முடித்து முதல் படம் ஓடுகிற வரைக்கும் நானும் அந்த வீட்டு ஆசாரத்தில்தான் உட்கார்ந்திருப்பேன். அதனால் உங்கள் வீட்டில் நடப்பதை வேறு வேறு வீடுகளில் நிறையத் தடவை பார்த்தாகிவிட்டது. எல்லா வீட்டிலும் ஒரு மச்சாண்டார் இருக்கிறார்.

ஒரு சந்தேகத்தை முதலில் கேட்டுவிடுகிறேன். அவர்கள் தூங்கியது படத்தாலா, சனிக்கிழமையாலா? தறிக்காரர் வீட்டில் சனிக்கிழமை என்றால் என்ன என்று எனக்குச் சொல்லவா வேண்டும். வாரக் கூலிப் பட்டுவாடா, முன்பணம் கேட்டு வருகிறவர்கள், கணக்கு நோட்டு, நூல்காரருக்குப் பதில் சொல்வது. அந்த மனுசன் ராத்திரி ஒன்பது மணிக்கு வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு இருட்டில் ஜமக்காளத்தில் சாய்ந்தால், உலகத்தில் எந்த டைரக்டர் எடுத்த படமாக இருந்தாலும் தூக்கம்தான் வரும். சண்டைப் படம் என்றால் சத்தத்தில் தூங்க முடியாது, அவ்வளவுதான் வித்தியாசம். அது ரசனை என்று நீங்களும் நினைத்துக்கொண்டீர்கள், அவரும் நினைத்துக்கொண்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றுங்கள். ஏழேகாலுக்கு ஆரம்பியுங்கள், எந்த மாசமாக இருந்தாலும் அதற்குள் நன்றாக இருட்டிவிடும். முதல் பாதிக்குக் கடலைக்காய் வேகவைத்தது, பொரி, காபி மட்டும் போதும். சோறு இடைவேளையில். அரிசிம்பருப்புச் சோறு செய்து வைத்துவிட்டால் நீங்களும் அடுப்படிக்கும் ஆசாரத்துக்கும் நடந்துகொண்டிருக்க வேண்டியதில்லை.

அடுத்தது சத்தம். வீடுகளில் நான் பார்க்கிற ரசனைச் சண்டையில் பாதி, காது கேட்காததால் வருகிற சண்டை. ஓடிடி படங்களில் பல 5.1 ஒலியில், அதாவது ஆறு ஸ்பீக்கருக்குப் பிரித்து வைத்த ஒலியில் இருக்கும். அதில் வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்கென்று வைத்த பாதையில் வரும். உங்களிடம் நடு ஸ்பீக்கரே இல்லாமல் ரெண்டு பெட்டி மட்டும் இருந்தால், பல நேரம் வசனம் அமுங்கிப்போய் பின்னணி இசை மட்டும் காதைக் கிழிக்கும். மாமியார் "என்ன சொல்றான்?" என்று கேட்க, எதிர் வீட்டு மாமா விளக்கம் சொல்ல ஆரம்பிக்கிறார். அவர் வாயாடி என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள், ஒருவேளை அவர் அந்த வீட்டின் நடு ஸ்பீக்கராக இருக்கலாம்! படத்தின் ஆடியோ பட்டியலுக்குள் போனால் சிலவற்றில் ரெண்டு பெட்டிக்கென்றே ஸ்டீரியோ என்று தனியாக இருக்கும், அதை வையுங்கள். ப்ளூடூத் ஸ்பீக்கர் வைத்திருந்தால் ஒயர் போட்டுக்கொள்ளுங்கள். ப்ளூடூத்தில் சத்தம் கொஞ்சம் பிந்தி வரும், உதடு முதலில் அசையும். பார்க்கிறவர்களுக்கு என்ன குறை என்று சொல்லத் தெரியாது, ஆனால் மனசு ஒட்டாது.

எழுத்தும் அப்படித்தான். அந்த ஈரான் படத்துக்கு இங்கிலீஷ் சப்டைட்டில்தானே வைத்திருப்பீர்கள்? ஒன்பது பேரில் எத்தனை பேர் அந்த வேகத்தில் இங்கிலீஷ் படிப்பார்கள்? மாமியார் ரெண்டு மணி நேரம் புரியாத பாஷையில் புரியாத எழுத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்றால், தூங்கியதற்குக் கோபப்படக்கூடாது, உட்கார்ந்திருந்ததற்குக் கும்பிட வேண்டும். சப்டைட்டில் எழுத்தின் அளவைப் பெரிதாக்க அமைப்புகளில் வழி இருக்கும். வெள்ளை எழுத்து சுவரில் கரைந்துபோகும், மஞ்சளாக்கிப் பின்னால் கறுப்புப் பட்டை வையுங்கள். மச்சாண்டார் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வருகிற ரகமா என்று அக்காவிடம் கேட்டுப் பாருங்கள்.

சரி, இதையெல்லாம் செய்த பிறகும் மிச்சம் இருக்கிற சண்டைக்கு வருகிறேன்.

நீங்கள் வாராவாரம் ஒன்பது பேருக்கும் பிடிக்கிற ஒரு படத்தைத் தேடிக்கொண்டிருக்கிறீர்கள். அப்படி ஒரு படம் வருசத்துக்கு ஒன்றோ ரெண்டோ கிடைக்கலாம். அதை வாராவாரம் எதிர்பார்ப்பது, கோயமுத்தூரில் தினமும் ஊட்டிக் குளிரை எதிர்பார்க்கிற மாதிரி. ஓட்டெடுப்பும் வைத்துப் பார்த்திருப்பீர்கள். ஓட்டெடுத்தால் யாருக்கும் ரொம்பப் பிடிக்காத, யாருக்கும் ரொம்பக் கோபம் வராத படம்தான் ஜெயிக்கும், அதைப் பாதியில் எல்லோரும் போனை எடுத்து வைத்துக்கொண்டு பார்ப்பார்கள்.

முறை வையுங்கள். இந்த ஞாயிறு மச்சாண்டார், அடுத்த ஞாயிறு மாமியார், அதற்கடுத்து பொண்ணு, இப்படி. காலண்டரில் பேர் எழுதி மாட்டுங்கள். அவரவர் வாரத்தில் அவரவர்தான் முதலாளி. மற்றவர்கள் வேண்டாம் என்று சொல்ல முடியாது, விருந்தாளி மாதிரி வந்து உட்கார வேண்டும். படம் ஓடுவதற்கு முன்னால் அந்த வாரத்து ஆள் எழுந்து, இந்தப் படத்தை எங்கே, யாரோடு பார்த்தேன் என்று ரெண்டு வரி சொல்ல வேண்டும், இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். திருப்பூரில் ஒரு வீட்டில், ஒரு பெரியம்மா ஒரு பழைய பக்திப் படத்தைப் போடச் சொல்லிவிட்டு, "கல்யாணமாகி மூணாம் நாள், வண்டி கட்டிக்கிட்டுப் போய் மணல்ல உக்காந்து பார்த்தமுங்க, மழை வந்து பாதியில நின்னு போச்சு, மிச்சத்த இன்னும் பாக்கல" என்றார். அந்த வீட்டுப் பேரப் பையன் அன்றைக்குப் போனைத் தொடவில்லை. அவனுக்குப் படம் பிடித்ததா என்று நான் கேட்கவில்லை. ஆத்தா கதையின் மிச்சம் என்ன என்று தெரிந்துகொள்ள உட்கார்ந்திருந்தான்.

ஒரே விதிவிலக்கு உங்கள் பொண்ணு. பத்து வயசுப் பிள்ளை இருக்கிற ஆசாரத்தில் அண்ணன் பேய்ப் படம் போட்டால், நடுராத்திரி பாத்ரூமுக்கு யார் துணை போவது? சென்சார் சான்றிதழை இப்போது கொஞ்சம் பிரித்துக் கொடுக்கிறார்கள், 2024 முதல் யுஏ என்பதை 7+, 13+, 16+ என்று மூன்றாக்கிவிட்டார்கள். ஓடிடியிலும் படம் ஆரம்பிக்கும்போது மூலையில் வயசு வரும். பையனின் வாரத்தில் அதைப் பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் பாப்பாவை அன்றைக்கு எதிர் வீட்டு அத்தையோடு சீக்கிரம் படுக்க அனுப்புங்கள். அத்தைக்கும் பேய் பிடிக்காது என்று நினைக்கிறேன். நான் சொல்வது படத்தில் வருகிற பேயை. எனக்கும் பிடிக்காது. என் வீட்டம்மாவுக்கு அதுதான் உயிர். அவர் வாரத்தில் நான் பாதி நேரம் வாசலில் நின்று தெருவிளக்கைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அந்த வாசல் சங்கதியும் முக்கியம். தியேட்டரில் பெட்டியறை ஓட்டை வழியாக நான் படத்தைவிட ஆட்களைத்தான் அதிகம் பார்த்தேன். பாட்டு வந்தால் பத்துப் பேர் பீடி பிடிக்க எழுந்து போவார்கள், சண்டை வந்ததும் ஓடி வருவார்கள். அழுகைக் காட்சியில் முன் வரிசை பேசும், பின் வரிசை மூக்கை உறிஞ்சும். ஒருத்தர் எழுந்து போனால் இன்னொருத்தர் மனசு கோணுவதில்லை, ஏனென்றால் அந்தப் படத்தைத் தேர்ந்தெடுத்த ஆள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. உங்கள் ஆசாரத்தில் அந்த ஆள் உட்கார்ந்திருந்தார். நீங்களே எழுதியிருக்கிறீர்கள், திரும்பித் திரும்பிப் பார்த்தேன் என்று. பரிமாறிவிட்டு வாயையே பார்த்துக்கொண்டு நின்றால் யாருக்காவது சோறு இறங்குமா? அடுத்த தடவை எல்லோருக்கும் முன்னால், சுவருக்குப் பக்கத்தில் உட்காருங்கள். பின்னால் யார் தூங்கினாலும் தெரியாது. திண்ணையில் ரெண்டு நாற்காலி போட்டு, பிடிக்காதவர்கள் எழுந்து போய் உட்கார்ந்து பேசலாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். போகலாம் என்று தெரிந்துவிட்டால் முக்கால்வாசிப் பேர் போக மாட்டார்கள்.

ரெண்டு இடைவேளை விடுங்கள். டூரிங் டாக்கீஸில் ஒரே ப்ரொஜெக்டர்தான். ஒரு சுருள் ஓடி முடிந்தால் அடுத்த சுருள் மாற்றப் படத்தை நிறுத்தித்தான் ஆக வேண்டும், அதனால் ஒரு படத்துக்கு மூன்று நான்கு இடைவேளை. முறுக்குக்காரருக்கு நல்ல வியாபாரம். ஜனங்கள் அந்த நேரத்தில் அதுவரை நடந்த கதையைப் பேசித் தீர்த்துக்கொள்வார்கள். எதிர் வீட்டு மாமாவுக்கு அந்த இடைவெளி கொடுத்தால் படம் ஓடும்போது கொஞ்சம் அடங்குவார். முழுக்க அடங்க மாட்டார், அதை எதிர்பார்க்காதீர்கள்.

இப்போது கொஞ்சம் கசப்பாக ஒன்று. உங்கள் படத்தை 'வெளம்பரம்' என்றதற்கு மூன்று வரி வருத்தப்பட்டிருக்கிறீர்கள். அதே கடிதத்தில் உங்கள் வீட்டுக்காரர் படத்துக்கு நீங்கள் வைத்த பேர் 'குப்பை'. அதை அவர் காதுபடச் சொன்னதில்லை என்றால் சந்தோசம். ஆனால் அவர் வாரத்தில் உங்கள் முகம் எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் என் முகம் அப்படி இருந்திருக்கிறது. எனக்குப் பிடித்த ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை என் வீட்டம்மாவுக்கு மூன்று தடவை போட்டுக் காட்டினேன். மூன்று தடவையும், "ஏனுங்க, இன்னும் எத்தன நேரமுங்க?" என்று கேட்டார். மூன்றாவது தடவை நான் கோபித்துக்கொண்டு ரெண்டு நாள் பேசவில்லை. அப்புறம்தான் அவர் சொன்னார், "நா உங்க படத்துல கொற சொல்லலீங்க, அடுப்புல பாலு இருந்துச்சு." தறிச் சத்தத்தில் பகல் முழுக்க நிற்கிற மனுசனுக்கு ராத்திரி ஒருத்தன் பறந்து வந்து நாலு பேரை அடிப்பது எதற்காகத் தேவைப்படுகிறது என்று அவர் வாரத்தில் அவரிடமே கேளுங்கள். பதில் வராவிட்டாலும் பரவாயில்லை. சண்டைக் காட்சியில் கயிறு எங்கே கட்டியிருப்பார்கள் என்று கண்டுபிடிப்பதிலும் ஒரு ருசி இருக்கிறது, முயன்று பாருங்கள்.

மச்சாண்டாருக்குப் பதில் பேசப் போக வேண்டாம். முறை வைக்கிறபோது முதல் வாரத்தை அவருக்குக் கொடுத்துவிடுங்கள். கேலி செய்கிறவரை மேடையில் ஏற்றிவிட்டால் அப்புறம் அவருக்குக் கீழே இருப்பவர்கள் முகம் தெரியும். அவர் போடுகிற படத்தில் யாராவது ஒருத்தர் தூங்கத்தான் போகிறார்.

உங்கள் முறை வரும்போது என்ன போடலாம்? இங்கிலீஷ் எழுத்து நிறைய இருக்கிற படத்தை இந்தக் கூட்டத்துக்கு முதல் படமாகப் போட்டது உங்கள் தப்புதான். சாப்ளின் நடித்து எடுத்த 'மாடர்ன் டைம்ஸ்' போடுங்கள். 1936-இல் வந்தது, ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். பேச்சு ரொம்பக் குறைவு, நடுவில் வருகிற எழுத்து அட்டைகளைப் பொண்ணு படித்துச் சொல்லட்டும். மில்லில் ஓடுகிற பட்டையில் வருகிற போல்ட்டை முறுக்கி முறுக்கி, வேலை முடிந்த பிறகும் கை தானாக முறுக்குகிற இடம் வரும். தறிக்காரர், மில்காரர் யாரும் அந்த இடத்தில் சிரிக்காமல் நான் பார்த்ததில்லை. அது 'வெளம்பரம்' என்று சொன்னால் மச்சாண்டாரை என்னிடம் அனுப்புங்கள்.

அடுத்த சுற்றில் அதே ஈரானிலிருந்து 'சில்ட்ரன் ஆஃப் ஹெவன்'. மஜீத் மஜீதி எடுத்தது, 1997. ஒன்றரை மணி நேரம். தங்கச்சி செருப்பைத் தொலைத்துவிட்ட அண்ணன், வீட்டில் சொல்லப் பயந்து, ஒரே ஜோடியை ரெண்டு பேரும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் ஓடுகிற கதை. எழுத்து படிக்காமலே முக்கால்வாசி புரியும், உங்கள் பையனையும் பொண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வையுங்கள். மாமியாருக்காக நீங்களாகவே ஒரு வாரம் விட்டுக் கொடுக்க நினைத்தால் 'காதலிக்க நேரமில்லை' போடலாம். ஸ்ரீதர் எடுத்தது, 1964, ஆழியார்ப் பக்கம் எடுத்தார்கள். நாகேஷ் பாலையாவுக்குக் கதை சொல்கிற இடத்தில் பேய்க்குப் பேயும் ஆச்சு, பையனும் திருப்தி. அணையைப் பார்த்ததும் எதிர் வீட்டு மாமா தான் ஆழியார் போன கதையை ஆரம்பிப்பார். அன்றைக்கு விட்டுவிடுங்கள்.

கடைசியாக அக்கா. உங்கள் கடிதத்தில் அதை ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விட்டீர்கள், நான் அந்த வரியிலேயே நின்றுவிட்டேன். பாதிப் பேர் தூங்கின இருட்டில் ஒருத்தர் முழித்திருந்திருக்கிறார். கடைசி வரை பார்க்க முடியாமல் அவர் வீட்டுக்காரர் எழுந்ததும் கூடவே எழுந்து போயிருக்கிறார், ராத்திரி முழுக்க அந்தப் பையன் வீடு போய்ச் சேர்ந்தானா என்று யோசித்திருக்கிறார். குடம் நிறைகிறபோதுதான் கேட்க வாய்த்திருக்கிறது. நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள் என்று எழுதவில்லை. சொல்லாமல் இருந்திருந்தால் நல்லது. ஆண்கள் தறிக்கும் பிள்ளைகள் பள்ளிக்கும் போன ஒரு புதன்கிழமை மத்தியானம், ஜன்னலைச் சாத்தி, ரெண்டு பேருமாக விட்ட இடத்திலிருந்து போடுங்கள். எழுத்து வேகமாக ஓடினால் நிறுத்தி நிறுத்தி நீங்களே தமிழில் சொல்லுங்கள். உங்கள் படங்களுக்கு ஒன்பது பேர் வேண்டாம், ஒருத்தர் போதும். அந்த ஒருத்தர் பக்கத்து வீட்டிலேயே இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைப் படம் ஒன்பது பேருக்கும் பொதுவாகவே இருக்கட்டும்.

மச்சாண்டார் தெருக்காரர்களையும் கூப்பிட்டு ஆளுக்கு இருபது ரூபாய் வசூலிக்கலாம் என்று யோசனை சொல்வார், எல்லா மச்சாண்டாரும் சொல்வார்கள். வேண்டாம். ஓடிடிக்காரர்கள் கொடுப்பது வீட்டில் சொந்தமாகப் பார்க்க மட்டும்தான். டிக்கெட் போட்டுக் காட்டினால் அது வேறு கணக்கு.

ஸ்கிரீன். சென்னிமலையில் இருந்துகொண்டு துணிக்கு என்னிடம் யோசனை கேட்கிறீர்களே! ஆனால் பெட்ஷீட்டும் வேட்டியும் வேண்டாம், வெளிச்சம் பாதி பின்னால் ஊடுருவிப் போய்விடும். மொட்டை மாடியில் கட்டினால் ஆடிக்காற்றில் படத்தோடு பறக்கும். காசு கொடுத்து ஸ்கிரீனும் வாங்க வேண்டாம், இப்போதைக்கு அந்தச் சுவரே போதும். பளபளப்பு இல்லாத வெள்ளைப் பெயிண்ட் ரெண்டு கோட் அடித்து, படம் விழுகிற இடத்தைச் சுற்றி நாலு விரல் அகலத்துக்குக் கறுப்புத் துணிப் பட்டை ஒட்டுங்கள், படம் சட்டென்று எடுப்பாகத் தெரியும். பெயிண்ட் அடிக்கும் முன்னால் அந்தச் சுவரில் இருக்கிற காலண்டர் ஆணியைப் பிடுங்கி ஓட்டையை அடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு கதாநாயகி நெற்றியிலும் அது தெரியும். பேர் எழுதின காலண்டரை எதிர்ச் சுவரில் மாட்டிக்கொள்ளலாம்.